முள்கம்பி எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?

பெர்லின் சுவருக்கு அதைக் கட்டினவங்க வச்ச பேர் என்ன தெரியுமா? அதிகாரப்பூர்வமா அவங்க அதைச் "சுவர்"னு சொல்றதில்லை. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசாங்கம் தன் பத்திரிகைகளிலும் பள்ளிப் பாடங்களிலும் பயன்படுத்திய பெயர் "பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்". கேட்டவுடனே கை தட்டத் தோணுதுல்ல? பாசிசத்தை யார் ஆதரிப்பாங்க? பாதுகாப்பை யார் வேண்டாம்னு சொல்வாங்க?

இந்தப் பேர் எனக்கு ரொம்ப நாளாக் கண்ணுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஏன் உறுத்துதுன்னு கட்டுரையோட கடைசில உங்களுக்கே புரியும். நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பொண்ணு, தமிழ்ல நீளமா எழுதிப் பழக்கம் இல்லை. ஆனா இந்த விஷயத்தைத் தமிழ்ல சொன்னாத்தான் எங்க விடுதிக்குள்ளயும் எங்க வீட்டுக்குள்ளயும் போய்ச் சேரும்.

நான் சிவில் இறுதியாண்டு. சிவில் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துடும். எந்தச் சுவரைப் பார்த்தாலும் "இதுமேல சுமை எந்தப் பக்கத்துல இருந்து வருது"ன்னுதான் முதல்ல கேப்போம். ரீட்டெய்னிங் வால் மண்ணைத் தாங்க நிக்குது, அணை தண்ணியைத் தாங்க நிக்குது. கட்டினவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. டிராயிங்கைப் பார்த்தா எந்தப் பக்கத்துல இருந்து வர்ற எதைத் தடுக்க நினைச்சாங்கன்னு தெரிஞ்சுடும்.

நம்ம திருமயம் கோட்டையையே எடுத்துக்குங்க. காரைக்குடி போற வழியில எல்லாரும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீங்க. 1687-ல் சேதுபதி கட்டியது. ஒரு மதிலுக்குள்ள இன்னொரு மதில்னு வளையம் வளையமா இருந்த கோட்டை. உச்சியில பீரங்கி வெளிப்பக்கம் பார்த்து நிக்குது. வெளியே இருந்து வர்ற எதிரிக்காகக் கட்டினது. அதுக்குக் "கோட்டை"ன்னு பேர் வச்சாங்க, பேரும் டிராயிங்கும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. அதுல பொய் இல்லை.

பெர்லினுக்கு வருவோம். அந்த அரசாங்கத்தோட நியாயத்தை முதல்ல முழுசாக் கேட்டுடலாம். பாதியில நிறுத்தித் திட்டறது ரொம்ப சுலபம்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ஜெர்மனி நாலு நாடுகளின் ஆக்கிரமிப்புப் பகுதிகளாப் பிரிஞ்சது. சோவியத் பகுதிக்குள்ள இருந்த தலைநகர் பெர்லினும் நாலாப் பிரிஞ்சது. 1949-ல் ரெண்டு ஜெர்மனிகள் உருவாயின. கிழக்கு ஜெர்மனிக்கு நட்ட நடுவுல மேற்கு பெர்லின் ஒரு தீவு மாதிரி நின்னது. கிழக்கை ஆண்டவங்க சும்மா வாய்ப்பேச்சுக்குப் பாசிச எதிர்ப்பு பேசினவங்க இல்லை. தலைவர் வால்டர் உல்பிரிக்ட் ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டுப் போய் வாழ வேண்டியிருந்தது. சுவர் கட்டும் வேலையை முன்னின்று நடத்திய எரிக் ஹொனக்கர் ஏறக்குறைய 10 வருஷம் நாஜிச் சிறையில் இருந்தவர். அந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனியில் பிரதமர் அடினாவரின் அலுவலகத்தையே நிர்வகித்த ஹான்ஸ் குளோப்கே, நாஜிகளின் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட ஆட்களைப் பக்கத்து நாட்டில் பெரிய பதவியில் பார்க்கும்போது சிறையிலிருந்து வந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? "பாசிச எதிர்ப்பு"ன்னு அவங்க சொன்னதுக்குப் பின்னாடி நிஜமான காயம் இருந்தது.

பொருளாதார நியாயமும் இருந்தது. நகரத்துக்குள்ள எல்லை திறந்தே கிடந்தது. சுரங்க ரயில்ல டிக்கெட் எடுத்து ரெண்டு ஸ்டேஷன் தாண்டினா வேற நாடு, வேற பணம். கிழக்கில் அரசு மானியத்தில் விலை குறைவாகக் கிடைத்த ரொட்டியையும் இறைச்சியையும் மேற்கிலிருந்து வந்து வாங்கிக்கிட்டுப் போனாங்க. கிழக்கில் குறைந்த வாடகை வீட்டில் இருந்துக்கிட்டு மேற்கில் போய் வேலை பார்த்தவங்க ஐம்பதாயிரத்துக்கும் மேலே. எல்லாத்துக்கும் மேல ஆள் இழப்பு. 1949-லிருந்து 1961 வரைக்கும் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கை விட்டுப் போயிட்டாங்க. நாட்டின் மொத்த மக்கள்தொகையே இரண்டு கோடிக்கும் குறைவு. போனவங்கள்ல பெரும்பகுதி இளைஞர்கள். டாக்டர், ஆசிரியர், நம்மளை மாதிரி இன்ஜினியர். மக்கள் பணத்தில் படிக்க வச்சோம், படிச்சு முடிச்சதும் பெட்டியைக் கட்டிட்டாங்கன்னு அரசாங்கம் புலம்பியது. (ஐஐடி பசங்களைப் பத்தி நம்ம வீட்டுப் பெரியவங்க பேசறதும் கிட்டத்தட்ட இதே ராகம்தான்.)

மூணாவது, போர் பயம். ரெண்டு வல்லரசுகளும் அணுகுண்டோடு எதிரெதிரே நின்ன ஊர் அது. சுவர் எழும்பியபோது அமெரிக்க ஜனாதிபதி கென்னடியே, போர் வர்றதைவிடச் சுவர் எவ்வளவோ மேல்னு தன் ஆட்களிடம் சொன்னார். எதிராளியே உள்ளூர நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அப்போ கிழக்கு ஜெர்மனி அரசு "நாங்க அமைதியைக் காப்பாத்தினோம்"னு மார்தட்டினதை முழுப் பொய்னு தள்ள முடியுமா?

இவ்வளவு நியாயம் இருந்தவங்க ஏன் உண்மையான பேரைச் சொல்லலை? இதுதான் என் கேள்வி. "எங்க ஆட்கள் ஓடறாங்க, அதைத் தடுக்கக் கட்டறோம்"னு சொல்லியிருக்கலாமே. சொல்லலை. 1961 ஜூன் 15 அன்னைக்கு ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. மேற்கு ஜெர்மன் செய்தியாளர் ஒருவர் எல்லையைப் பத்திக் கேட்டார். சுவர்ங்கிற வார்த்தை அவர் கேள்வியிலேயே இல்லை. உல்பிரிக்ட் தானாவே, சுவர் கட்டுற எண்ணம் யாருக்கும் கிடையாதுன்னு பதில் சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லைங்கிற கதைதான். ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 13, ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள முள்கம்பி இழுத்தாச்சு. அடுத்த நாள் பிராண்டன்பர்க் வாயில் முன்னாடி தொழிலாளர் படையினர் துப்பாக்கியோட வரிசையா மேற்குப் பக்கம் பார்த்து நிக்கிற புகைப்படம் எடுத்தாங்க. அதுதான் பிறகு வருஷக்கணக்கா அரசாங்கத்தின் பிரசாரப் படம். எதிரி அந்தப் பக்கம், நாங்க காவல் நிக்கிறோம்!

புகைப்படம் மேற்கைப் பார்த்தது. டிராயிங் எந்தப் பக்கம் பார்த்ததுன்னு இனிமே பார்ப்போம்.

1970-களின் நடுவில் வந்த கடைசித் தலைமுறைச் சுவரோட வரைபடத்தை எந்த சிவில் மாணவரும் ரசிப்பாங்க, அதுதான் கொடுமை. ஒவ்வொரு துண்டும் 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், ரெண்டரை டன்னுக்கு மேல எடை. அடியில் பாதம் வச்ச முன்வார்ப்பு கான்கிரீட். முதலில் விவசாயப் பண்ணைகளுக்காக உருவான தாங்குசுவர்த் துண்டு இது. உச்சியில் வழவழன்னு உருண்டைக் குழாய், கை வச்சா பிடிமானம் கிடைக்காது. ஆனா இது மட்டும் இல்லை "அரண்". அது ஒரு அகலமான பட்டை. கிழக்கு பெர்லின் வீதியிலிருந்து ஒரு ஆள் மேற்கே நடக்கிறதா வச்சுக்குங்க. முதலில் உள்பக்கச் சுவர். தாண்டினா தொட்டவுடன் மணி அடிக்கிற கம்பி வேலி. அப்புறம் காவல் கோபுரங்கள், ராத்திரி முழுக்க விளக்கு எரியுற ரோந்துச் சாலை, காலடித் தடம் பதியட்டும்னு தினமும் வாரி விட்ட மணல் பட்டை, வண்டிகளை மடக்குற பள்ளம். இதெல்லாம் தாண்டி உயிரோட இருந்தாத்தான் அந்த 3.6 மீட்டர் சுவர்.

மேற்கிலிருந்து வர்ற "பாசிஸ்டு"க்கு? முதல் தடையே அந்தக் கடைசிச் சுவர்தான். அவன் அதைத் தொடலாம், சாஞ்சு நிக்கலாம், பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு வந்து படம் வரையலாம். வரைஞ்சாங்க. மேற்குப் பக்கம் முழுக்க ஓவியமும் கிறுக்கலும்.

அந்த வண்டிப் பள்ளத்தைக் கொஞ்சம் கவனிங்க. அதோட ஒரு சரிவு மெதுவா இறங்கும், மறு சரிவு செங்குத்தா நிக்கும். செங்குத்துச் சரிவு மேற்கு ஓரத்தில். அதாவது கிழக்கிலிருந்து ஓட்டிக்கிட்டு வர்ற வண்டி உள்ளே இறங்கி எதிர்ச் சுவரில் முட்டி நிக்கணும். மேற்கிலிருந்து டாங்கி வரும்னு நிஜமாவே பயந்தவன் பள்ளத்தை இப்படி வெட்ட மாட்டான். சைட்டில் நின்னு இதை வெட்டின இன்ஜினியருக்கு எந்தப் பக்கத்து ஆளுக்காக வெட்டறோம்னு தெரியாமலா இருந்திருக்கும்? மண்வெட்டியைப் பிடிச்சவனுக்கே தெரியும். "பாசிச எதிர்ப்பு"ன்னு எழுதின பலகையை நம்பி ஒரு டிராயிங்கும் போட முடியாது. போட்டா அது வேலை செய்யாது!

அப்புறம் யாரை விட்டாங்க, யாரைத் தடுத்தாங்கன்னு பாருங்க. 1964-லிருந்து ஓய்வூதியம் வாங்குற வயசானவங்க மேற்கில் இருக்கிற சொந்தக்காரங்களைப் பார்த்துட்டு வரலாம்னு அனுமதி கொடுத்தாங்க. தாத்தா பாட்டிகளுக்குப் பாசிஸ்டுகளால ஆபத்து இல்லையா? இல்லை, அவங்க திரும்பி வராட்டியும் கவலை இல்லை. உழைச்சு முடிச்சவங்க. பென்ஷன் மிச்சம். மேற்கிலிருந்து வந்தவங்களையும் விட்டாங்க, ஆனா ஒரு நாளைக்கு இவ்வளவு மேற்கத்தியப் பணத்தைக் கட்டாயமா மாத்தியாகணும். 1980-லிருந்து அது தினம் 25 மார்க். எதிரிக்கு நுழைவுக் கட்டணம், நம்ம ஆளுக்குத் துப்பாக்கிக் குண்டு. பெர்லின் சுவரில் உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர். 18 வயசு பீட்டர் ஃபெக்டர் 1962 ஆகஸ்ட் 17 அன்னைக்குச் சுடப்பட்டு, ரெண்டு பக்கத்து ஜனங்களும் பார்த்துக்கிட்டு இருக்க, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரத்தம் போய்ச் செத்தான். நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு.

ஒண்ணு ஒத்துக்கணும். அந்த அரசாங்கத்துல எல்லாருமே தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பொய் சொல்லிக்கிட்டு இருந்தாங்கன்னு நான் நினைக்கலை. ஒரு பேரைப் பத்து வருஷம் சொன்னா வாய்க்குப் பழகிடும், இருபது வருஷம் சொன்னா மனசுக்கும் பழகிடும். 1989 ஜனவரியில் ஹொனக்கர், சுவருக்கான காரணங்கள் நீங்காதவரை அது இன்னும் 50 வருஷம், ஏன் 100 வருஷம்கூட நிக்கும்னு பேசினார். அதே வருஷம் நவம்பர் 9 ராத்திரி ஜனங்க அதுமேல ஏறி நின்னாங்க.

இப்போ அதே 1989-ல் மதுரை மாவட்டத்துக்கு வாங்க. பேரையூர் வட்டம், எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம். அந்த வருஷம் ஊரில் சாதிக் கலவரம். அதை அடுத்து ஊரின் ஆதிக்க சாதியினர், தலித் மக்களின் குடியிருப்பைத் தங்கள் பகுதியிலிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பினாங்க. நீளம் ஏறக்குறைய 600 மீட்டர். ஜெர்மனியில் ஒண்ணு விழுந்த சமயத்தில் இங்க ஒண்ணு நின்னது. இங்கிலீஷ் மீடியம் பாடப் புத்தகத்தில் எனக்குப் பெர்லினைச் சொல்லிக் கொடுத்தாங்க. உத்தப்புரம் என்ற பேரையே நான் காலேஜ் வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கட்டினவங்க சொன்ன காரணம் என்ன? பாதுகாப்பு! கலவரம் நடந்துச்சு, எங்க உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேணும், எங்க பட்டா நிலத்துல கட்டிக்கிட்டோம். பயமும் முழுப் பொய் இல்லை, கலவரத்துல ரெண்டு பக்கமும் இழப்பு உண்டு. ஆனா மறுபடி அந்தச் சிவில் கேள்வியையே கேளுங்க. சுமை எந்தப் பக்கத்துல இருந்து வருது? ஊரின் பொதுப்பாதை, மெயின் ரோடு, பஸ் ஸ்டாப் எல்லாத்துக்கும் நேர்வழியை மறிச்சு நின்ன சுவர் அது. மறிக்கப்பட்டது கலவரக்காரன் இல்லை, காலையில ஸ்கூலுக்குப் போற பிள்ளை. வயக்காட்டுக்குப் போற அம்மா. கலவரம் எப்பவாவது வரும், பிள்ளை தினமும் சுத்திப் போகணும். அதுவும் போதாதுன்னு 2008-ல் சுவர்மேல் கம்பி இழுத்து மின்சாரம் பாய்ச்சியிருந்தது செய்தியாக வெளிவந்தது. விவகாரம் சட்டமன்றம்வரை போய், மின்இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்தச் சுவரை எதிர்த்துப் போராட்டத்தை முன்னெடுத்தது யார்னு நினைக்கிறீங்க? மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும், அவங்க முன்நின்று தொடங்கிய தீண்டாமை ஒழிப்பு முன்னணியும். 2008 மே 6 அன்னைக்கு மாவட்ட நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடிச்சுப் பாதை விட்டது. அடுத்த நாளே கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் பிரகாஷ் காரத் உத்தப்புரம் வந்தார். சுவரைக் கட்டின தரப்பில் பலர் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஆடு மாடோட கொஞ்ச நாள் ஊரை விட்டே வெளியேறிப் போய்த் தங்கினாங்க. எங்க பாதுகாப்பு போச்சுன்னு. ஆனா பிறகு 2011-ல் ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டு, நவம்பரில் தலித் மக்கள் ஊர் முத்தாலம்மன் கோயிலுக்குள்ள போனாங்க. சுவர் திறந்ததால வந்த பேச்சு அது.

பெர்லினில் சுவரைக் காத்து நின்னது செங்கொடி. உத்தப்புரத்தில் சுவரை உடைக்கச் சொல்லி நின்னதும் செங்கொடி. எங்க கேன்டீன் விவாதத்துல ஒரு கோஷ்டி முதல் வரியை மட்டும் சொல்லும், இன்னொரு கோஷ்டி ரெண்டாவது வரியை மட்டும் சொல்லும். எனக்கு ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் விஷயம் புரியுது. பெர்லினில் அந்தக் கட்சி கையில் சாவி இருந்தது. உத்தப்புரத்தில் சாவி இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தி நடந்த பிள்ளையோட நின்னாங்க. கொள்கைப் புத்தகம் ஒண்ணுதான். நிக்கிற இடம்தான் வேற. சாவி கையில் இருக்கிறவங்களுக்குச் சுவர் எப்பவும் பாதுகாப்பாத்தான் தெரியுது, அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும், சிறைக்கே போய் வந்தவங்களா இருந்தாலும்.

மதுரைக் கதை நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க, நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல சுவரே இல்லாம இதே வேலை நடந்திருக்கு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்து கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் போனாங்க. போன இடத்துல டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், அய்யனார் கோயிலுக்குள்ள தலித் மக்களை விடாததும் தெரிய வந்தது. அன்னைக்கே கலெக்டர் அவங்களைக் கோயிலுக்குள்ள அழைச்சுட்டுப் போனார். ஒரு செங்கல்கூட இல்லாம அத்தனை வருஷம் அந்த எல்லை நின்னிருக்கு. செங்கல் இருந்தா டிராயிங் போட்டுக் காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டறது?

செங்கல் இருக்கிற ஒண்ணைப் பத்தி மட்டும் இப்போ பேசறேன். இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

பெண்கள் விடுதியின் பின்பக்கக் காம்பவுண்ட் சுவரைப் போன வருஷம் உயர்த்திக் கட்டினாங்கல்ல. அதுமேல இரும்பு ஆங்கிள் நட்டு முள்கம்பி கட்டியிருக்கு. நல்ல வேலைதான், வெல்டிங்கூட சுத்தமா இருக்கு. ஆனா அந்த ஆங்கிள் உச்சியில ஒரு அடி வளைஞ்சு நிக்குதே, அது எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பாருங்க. உள்பக்கம். எங்க பக்கம். வெளியே இருந்து ஏறி வர்ற திருடனைத் தடுக்கணும்னா கம்பி வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கணும், ஏறினவன் தலைக்கு மேல குடை மாதிரி வரும், அவனால தாண்ட முடியாது. உள்பக்கம் சாய்ச்சுக் கட்டுறது உள்ளே இருந்து ஏறுற ஆளுக்காக. இது என் கற்பனை இல்லை, வேலி போடுறவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. சிறைச்சாலையில் உள்பக்கம், குடோனில் வெளிப்பக்கம்.

ஆண்கள் விடுதிச் சுவரையும் போய்ப் பார்த்தேன். கம்பியே இல்லை.

கேட் நேரம் உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு 9.30, எங்களுக்கு 6.30. லைப்ரரி 8 மணி வரைக்கும் திறந்திருக்கு, யாருக்காகத் திறந்திருக்குன்னு தெரியலை. போன செமஸ்டர்ல ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குக் கான்கிரீட் கியூப் உடைக்கிற அன்னைக்கு டெஸ்டிங் மெஷின் 5 மணிக்கு மேலதான் எங்க டீமுக்குக் கிடைச்சது. ஆறு கியூப்ல மூணு உடைச்சதும் நான் கிளம்ப வேண்டியதாப் போச்சு. மிச்சத்தை டீம்ல இருந்த பசங்க ரெண்டு பேர் உடைச்சு, ரீடிங்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாங்க. என் புராஜெக்ட்டோட பாதி ரிசல்ட்டை நான் போட்டோவிலதான் பார்த்தேன்.

கேட்டா ஒரே பதில்: "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா."

நீங்க இப்போ என்ன சொல்வீங்கன்னு தெரியும். பெர்லினையும் ஹாஸ்டலையும் ஒப்பிடறது ரொம்ப ஓவர். இங்க யாரும் சுடறதில்லை, சாதி பார்த்து மறிக்கறதில்லை, வார்டன் மேடம் ராத்திரி காய்ச்சல்னா மாத்திரையோட ஓடி வர்றவங்க. எல்லாம் சரி. அளவு வேறதான், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் ஒப்பிடறது அளவை இல்லை, பேரை. மூணு இடத்திலயும் பேர் ஒண்ணு. மூணு இடத்திலயும் பேர் வச்சவங்க நல்ல மனசோட வச்சதாத்தான் சொல்றாங்க. மூணு இடத்திலயும் கம்பி யார் பக்கம் பார்த்து நிக்குதுங்கிறதை யாரும் பேசறதில்லை.

எங்க அம்மாவே கேட்டாங்க, "நேரமா உள்ள வந்துட்டா உனக்கென்னடி கொறஞ்சுடும்? வெளிய என்ன நடக்குதுன்னு டிவில பாக்குறேல்ல?" பாக்குறேன். பயம் எனக்கும் இருக்கு. அதனாலதான் கேக்குறேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கி மெயின் கேட்டுக்கு வர்ற அந்த ரோட்டில் தெருவிளக்கு எத்தனை எரியுது? நான் எண்ணினேன், இருக்கிற ஏழுல ரெண்டு. ஊருக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேட்டா வர்ற பஸ்ஸில் இறங்கி அந்த இருட்டுல பேக்கைத் தூக்கிட்டு நடந்து, கேட்டுக்கு வந்து லேட் என்ட்ரி லெட்டர் எழுதிக் கொடுக்கணும். ஆபத்து இருக்கிற இடத்துல விளக்கு இல்லை. ஆபத்து இல்லாத இடத்துல முள்கம்பி. உயர்த்திக் கட்டின சுவரோட எஸ்டிமேட்டில் ஒரு சின்னப் பகுதி போதும், அந்த ரோடு முழுக்க விளக்குப் போடலாம். பாதுகாப்புத்தான் நோக்கம்னா ஒரு சிவில் இன்ஜினியர் முதல்ல எதைச் செய்வார்? நீங்களே சொல்லுங்க.

நாங்க ஒண்ணும் புதுசாக் கேக்கலை. 2016-ல் அரசிதழில் வந்த யுஜிசி ஒழுங்குமுறை விதிகளே தெளிவாச் சொல்லுது: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, விடுதிகளில் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவிகள் மேல் விதிக்கக் கூடாது. பாலியல் தொந்தரவைத் தடுக்க வந்த விதிகள் அவை. அதாவது பாதுகாப்புக்காகவே எழுதின விதியிலதான் இதுவும் இருக்கு. டெல்லியில் 2015-லேயே மாணவிகள் "பிஞ்ச்ரா தோட்"னு, அதாவது கூண்டை உடை என்று, இதே விடுதி நேரத்துக்காக இயக்கம் நடத்தினாங்க. நாங்க எதையும் உடைக்கச் சொல்லலை. சுவர் இருக்கட்டும். பின்பக்கம் கருவேலங்காடு, பாம்பு வரும், சுவர் வேணும்தான்.

கேக்கறது மூணே விஷயம். ரெண்டு விடுதிக்கும் ஒரே கேட் நேரம், அது எத்தனை மணியா இருந்தாலும் சரி. பஸ் ஸ்டாப் ரோட்டுக்கு விளக்கு. அந்த ஆங்கிளைக் கழட்டித் திருப்பி வெளிப்பக்கம் சாய்ச்சு மாட்டணும். மூணாவது சின்ன விஷயம், ஒரு வெல்டருக்கு ரெண்டு நாள் வேலை, கம்பிகூடப் புதுசா வாங்க வேண்டாம். ஆனா எனக்கு அதுதான் முக்கியம். அதைத் திருப்ப ஒத்துக்கிட்டா, பாதுகாப்புன்னு சொன்னதை நான் நம்பறேன்.

முதல்வருக்கான கடிதம் எழுதியாச்சு, கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கோம். இதுவரைக்கும் மூணு தாள் நிறைஞ்சிருக்கு, எல்லாம் பெண்கள் விடுதி, டே ஸ்காலர் பொண்ணுங்க கொஞ்சம். ஆண்கள் விடுதியிலிருந்து இன்னும் ஒரு கையெழுத்துகூட வரலை. சாவி உங்க கையில இல்லைதான், ஆனா உங்க கேட் 9.30 வரைக்கும் திறந்திருக்கு. தாள் சிவில் டிபார்ட்மெண்ட் சர்வே லேப் அட்டெண்டர் அண்ணன் மேஜையில இருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் அங்கதான் இருக்கும்.